முழுப் பாரம்

லிஃப்ட்காரருக்கு மாஸ்டர் மேல் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நேற்று இன்று வந்ததல்ல, வருடக்கணக்காக உள்ளுக்குள் புகைந்துகொண்டிருப்பது. மாஸ்டர் நடத்துகிற, மெத்தையில் கட்டிப் புரளும் தரைச்சண்டை வகுப்பில் இவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்களெல்லாம் நீலம், ஊதா என்று பெல்ட்டை மாற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் இடுப்பில் மட்டும் அதே வெள்ளை. வெள்ளை என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். துவைத்துத் துவைத்து அது ஆறிப்போன டீயின் நிறத்துக்கு வந்து எத்தனையோ காலமாகிறது.

எல்லாம் அவருடைய எடையால் வந்த வினை. நூறு கிலோவைத் தாண்டி எங்கேயோ போய்விட்ட உடம்பு. மாஸ்டருக்கு அது சும்மா கிடைத்த சொத்து. "இந்த மனுஷனுக்கு அடியில இருந்து யாரு வெளிய வர்றாங்களோ, அவங்களுக்கு அடுத்த பெல்ட்" என்று சட்டமே போட்டுவிட்டார். ஆக, எல்லோருடைய பரீட்சைக்கும் இவர்தான் பேப்பர். எழுதியவன் தேறிப் போவான். பேப்பருக்கு யார் மார்க் போடுவது?

ஒரு தடவை வாய்விட்டே கேட்டார். "மாஸ்டர், கீழ மாட்டிக்கிட்டா எப்படி வெளிய வர்றதுன்னு எனக்கும் ஒரு நாள் சொல்லிக் குடுங்களேன்."

"உங்களை யாரு சார் கீழ தள்ளப் போறா? கிரேன் வெச்சுத் தள்ளினாத்தான் உண்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் சுருக்கென்று தைத்தது. அதற்கப்புறம் கேட்கவில்லை.

அவ்வளவு கோபம் இருந்தால் நின்றுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நின்றால் எங்கே போவது? தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போய் வருகிறேன் என்று கிளம்பிய மனைவி, அங்கிருந்தே போனில் கணக்கை முடித்துக்கொண்டாள். வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றின் மேல் துவைத்த துணி கிடக்கும். வேலையும் தனி ஆள் வேலை. மொட்டைமாடி மோட்டார் அறையில் கிரீஸ் போடுவது, இல்லாவிட்டால் லிஃப்ட் குழிக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது. நடுவில் ஏறி இறங்குகிற ஜனங்களுக்கு அவருடைய பூட்ஸைத்தான் தெரியும், முகத்தைத் தெரியாது. பகல் முழுக்க அவர் வாயைத் திறப்பது "கதவைச் சாத்துங்க!" என்று கத்துவதற்குத்தான். வாரத்தில் இரண்டு சாயங்காலம், டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிற அந்தக் கூடத்தில், "லிஃப்ட்காரர் வந்தாச்சா?" என்று யாராவது ஒருத்தர் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கல்லாகக் கிடக்கலாம் என்று தோன்றிவிடும்.

அந்த மெத்தையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: கீழே இருப்பவர் முடியாமல் போய் இரண்டு தட்டுத் தட்டினால், மேலே இருப்பவர் அந்த நொடியே விட வேண்டும். இன்னொன்றை யாரும் வாயால் சொன்னதில்லை: புதிதாக வந்தவர், பெண்கள், ஒல்லியானவர் மேல் முழுப் பாரத்தையும் இறக்கக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரித்தான் இருக்கும். ஆனால் எடை எல்லாம் முழங்காலிலும் முழங்கையிலும் நிற்கும். கீழே இருப்பவர் சரியாகத் திமிறினால் மேலே இருப்பவர் ஒரு பொட்டு இளகிக் கொடுப்பார். அவர் புரண்டு வெளியே வந்துவிடுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். லிஃப்ட்காரருக்கு முன்னால் எல்லோருமே ஒல்லிதான்; அவர் இதில் கைதேர்ந்தவர். எந்த நேரத்தில் எவ்வளவு இளக வேண்டும் என்பது அவர் இடுப்புக்கே தெரியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஊசியக்கா வந்து சேர்ந்தாள்.

நாற்பது வயதுக்கு மேலே. குச்சி உடம்பு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய், கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவாள். வெறும் வயிற்றோடு காத்திருக்கிற மனிதர்களின் சிடுசிடுப்பை முதல் ஆளாக வாங்கிக்கொள்கிற பிழைப்பு. ஆனாலும் அவளுக்கு அது உயிர். ஆளில்லாத தெருவில் ஸ்கூட்டரில் போவது, கதவைத் திறக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேலி பேசி ஊசி பயத்தைப் போக்குவது, பத்து மணிக்கெல்லாம் ஊர் வேலையை முடித்த திமிரோடு டீ குடிப்பது. அக்காள் வீட்டின் பின்கட்டு அறையில் ஒண்டிக்கொண்டு கிடந்தவளுக்கு, தெருவில் இருக்கிற அந்த நேரம்தான் சொந்த வீடு.

ஒரு வீட்டில் என்னவோ நடந்துபோனது. அதற்குப் பிறகு அவளைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்து பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டச் சொல்லிவிட்டார்கள். "தெருவுக்குப் போகணும்னா நீங்களே சொல்லுங்க, அனுப்பறேன்" என்றார் மேலாளர். சொல்ல நா எழவில்லை. அடுத்தவர் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனாள். மறுபடி தெருவுக்குப் போவதா, ஓய்வு பெறுகிற வரைக்கும் சீட்டு ஒட்டுவதா? அவளுக்கு முன்னால் இருந்தது அவ்வளவுதான்.

வந்த அன்றைக்கே மாஸ்டரிடம் தெளிவாகச் சொன்னாள். "உதைக்கறது, குத்தறதெல்லாம் எனக்கு வேணாம் சார். ஒருத்தன் மேல ஏறி உட்கார்ந்துட்டா எப்படி எந்திரிக்கறது? அதை மட்டும் சொல்லிக் குடுங்க."

"அதுக்குன்னே நம்மகிட்ட ஒரு ஆள் இருக்காரே!" என்று மாஸ்டர் சுவரோரமாகக் கையைக் காட்டினார்.

லிஃப்ட்காரர் எழுந்து வந்தார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஆள்னு சொன்னீங்க, பீரோவைக் காட்டறீங்க" என்றாள். கூடமே சிரித்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவருக்குக் குத்தியிருக்கும். இது என்னவோ குத்தவில்லை.

முதல் நாள் அவருக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு பெண்பிள்ளை மேல் எப்படி உட்காருவது? கண்ணை எங்கே வைத்துக்கொள்வது? சுவரில் இருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கீழே கிடந்து, மாஸ்டர் சொன்ன மாதிரி இடுப்பைத் தூக்கினாள், பக்கவாட்டில் வளைந்து பின்னுக்கு நகர்ந்தாள். இறால் என்று அதற்குப் பெயர். இறால் மாதிரி உடம்பைச் சுருட்டி நீட்டுவதால். நாலாவது தடவை அவர் ஒரு பொட்டு இளகினார். அவள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வந்தவள் நிற்கவில்லை. எழுந்து வெறுங்காலோடு ஓடினாள். கதவைத் தாண்டி, படிகளில் தடதடவென்று இறங்கி, தெருக் கேட்டைத் தொட்டுவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"எங்கம்மா போனீங்க?" என்றார் லிஃப்ட்காரர்.

"எந்திரிச்சா ஓடணும்ல? உங்ககிட்ட நின்னு குசலமா விசாரிச்சிட்டிருப்பாங்க?"

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்படித்தான். வெளியே வருவாள், ஓடுவாள், கேட்டைத் தொடுவாள், திரும்புவாள். டைல்ஸ் கடைக்காரர் பயந்துபோய் ஒரு நாள் மேலே ஏறி வந்து, "அந்தம்மாவை யாராவது துரத்தறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாரங்கள் ஓடின. அவள் வெளியே வந்துகொண்டே இருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பேச்சில் "சார்" போய் "அண்ணே" வந்தது. ஓய்வு நேரத்தில் அவர் முன்னங்கையைத் தட்டிப் பார்த்து, "என்னா நரம்புண்ணே! தண்ணிக் குழாய் மாதிரி. கண்ணைக் கட்டிட்டு எடுப்பேன்" என்பாள். "வயசான காலத்துல ஆம்பளைங்களோட உருண்டு பெரளறியே, வெக்கமாயில்ல?" என்று அக்காள் கேட்டதையும், "அவர் மேல விழுந்தா எனக்கு வெக்கப்பட நேரமில்லக்கா, மூச்சு விடவே நேரமில்ல" என்று தான் சொன்னதையும் நடித்துக் காட்டுவாள். லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போய், துணி கிடந்த நாற்காலியைப் பார்த்துத் தனியாக ஒரு தரம் சிரிப்பார்.

"அடுத்த வாரம் மேலாளர்கிட்டச் சொல்லப் போறேன்ணே. மறுபடி வீடு வீடா ரவுண்டுக்குப் போறேன்னு" என்றாள் ஒரு நாள்.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் அவர். சொல்லிவிட்டு, ஏற்கெனவே மடித்திருந்த துண்டை இன்னொரு தடவை மடித்தார். எதற்கென்று அவர் துருவிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் மூலையில் உட்கார்ந்து, பேன்ட்டைச் சுருட்டிவிட்டு முழங்காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். பையை எடுக்க வந்தவள் நின்றுவிட்டாள். தோலைப் பார்த்துப் பார்த்தே வயிறு வளர்க்கிறவள் அவள். குனிந்து இரண்டு முழங்காலையும் பார்த்தாள். முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நாலு இடத்திலும் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்திருந்தது.

"இது ஏண்ணே இப்படி?"

"மெத்தை உரசுது."

"என் மேலதானே உட்கார்ந்திருக்கீங்க? பாரம் என் மேல இருந்தா உங்க முட்டி ஏன் உரியுது?"

அவர் மருந்துக் குப்பியை மூடுவதில் மும்முரமானார். மூடி சரியாகத்தான் இருந்தது.

"பாதிதான் வெச்சீங்களா?"

அவர் குப்பியைப் பைக்குள் வைத்தார்.

"பாதிகூட இல்லையா?"

"ஒரு மரியாதைக்குத்தாம்மா. இங்க எல்லாரும் அப்படித்தான். பழக்கம்."

அவள் முகம் வெளுத்துப்போனது. பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. சன்னமாகத்தான் பேசினாள், அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

"அன்னிக்கு அந்த வீட்ல என்ன நடந்துச்சு தெரியுமா? பெரியவருக்கு ரத்தம் எடுத்துட்டு வெளிய வர்றேன். அவர் மகன் கதவைச் சாத்தித் தள்ளி விட்டான். விழுந்துட்டேன். மேல உட்கார்ந்துட்டான். உங்கள்ல பாதிக் கனம்கூட இல்ல. என்னால ஒரு விரலை அசைக்க முடியலை. கத்தறதுக்கு மூச்சு வரலை. அப்போ பார்சல்காரன் பெல் அடிச்சான். விடாம அடிச்சான். மேல இருந்தவன் எந்திரிச்சுப் போனான், நான் வெளிய வந்தேன். அவ்வளவுதான். நான் தப்பிக்கலண்ணே. பார்சல் வந்துச்சு."

லிஃப்ட்காரர் சுருட்டிவிட்டிருந்த பேன்ட்டை இறக்கிவிட்டார்.

"அடுத்த வாரம் அதே தைரியத்துல தெருவுக்குப் போயிருப்பேன். எனக்கு எந்திரிக்கத் தெரியும்னு நினைச்சிட்டு. அங்க ஒருத்தன் மேல உட்கார்ந்தா, மரியாதை பார்த்திருப்பானா?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். "நாளன்னிக்கு வகுப்புக்கு வாங்க. முழுசா வைங்க. தட்டினா மட்டும் விடுங்க."

அவர் வைத்தார். முழங்காலைத் தளர்த்தி, மூச்சை விட்டு, உடம்பு அது பாட்டுக்கு இறங்கட்டும் என்று விட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனித உயிரின் மேல் தன் எடை முழுவதையும் வைத்தார். அவளுடைய நெஞ்சுக்கூடு அடங்குவது அவருக்குத் தெரிந்தது. இடுப்பைத் தூக்கினாள், ஒன்றும் ஆகவில்லை. இறால் போல வளையப் பார்த்தாள்; வளைய இடமில்லை. தட்டினாள். விட்டார். "மறுபடி" என்றாள். தட்டினாள். "மறுபடி." அன்றைக்குக் கேட்டைத் தொட ஒரு தடவைகூட ஓடவில்லை. கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனதை அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

மாஸ்டர் பாய்ந்து வந்தார். "என்ன சார், ஆளைச் சட்னி ஆக்கறீங்க! அறிவில்ல?"

"நான்தான் கேட்டேன்" என்றாள் அவள், படுத்தபடியே.

"நீங்க கேட்டா? ஒரு முறை இல்லையா இதுக்கெல்லாம்?"

"முறையெல்லாம் தெரியும் சார். நல்லா ஏமாத்தினீங்க எல்லாரும் சேர்ந்து."

மாஸ்டருக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் அவள் சொன்னதில் அவருக்கும் பங்கு இருந்தது. அன்றோடு கூடத்தில் விஷயம் பரவிவிட்டது. லிஃப்ட்காரர் முழு எடையை இறக்குகிறார், பக்கத்தில் போகாதே! ஜோடி சேருகிற நேரத்தில் எல்லோருக்கும் பெல்ட் முடிச்சையோ சுவர்க் கடிகாரத்தையோ பார்க்க வேண்டியிருந்தது. "லிஃப்ட்காரர் வந்தாச்சா?" என்று யாரும் கேட்கவில்லை. அவளைத் தவிர அவருக்கு ஜோடி இல்லாமல் போனது. அவளுக்கும் அவரைத் தவிர வேறு யாரும் தேவைப்படவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் சோர்ந்து போய், "அப்போ வழியே இல்லையாண்ணே?" என்றாள்.

அவர் யோசித்தார். கீழே இருந்து தப்புவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் மேலே இருந்து இருந்து, மேலே இருப்பவனுக்கு எப்போது பிடி நழுவும் என்பது அவருக்குத் தெரியும்.

"நான் உட்கார்ந்தப்புறம் உங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பொய் சொல்லலை. ஆனா உட்காரும்போது ஒரு நொடி இருக்கு. லிஃப்ட் மாடியில வந்து நிக்கும் பாருங்க, பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாடி லேசா ஒரு தொங்கு தொங்கும். அப்போ ஒரு குழந்தை குதிச்சாக்கூட ஆடும். அந்த நேரத்துல நான் எனக்கே சொந்தமில்ல. அப்போ முழங்கையை நடுவுல விடுங்க. மல்லாக்கப் படுக்காதீங்க, ஒருக்களிச்சிடுங்க. அதுக்கப்புறம் விட்டா பெல்தான் அடிக்கணும்."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு இன்னும் வெள்ளை பெல்ட்டா? மாஸ்டர்கிட்டக் கேக்கறதுதானே?"

"கேட்டு வாங்கினா அது பெல்ட்டா? கயிறு."

"நல்ல ரோஷம் போங்க."

மழை பெய்த ஒரு சாயங்காலம் அது நடந்தது. அன்று அவர் இளகவில்லை. இளகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்கினார். எடை சேருவதற்குள் அவளுடைய முழங்கை அவர் இடுப்புக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி புகுந்தது. அவர் கையை ஊன்றப் போனார். ஊன்றுவதற்குள் அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த கணம் அவர் மல்லாந்து கிடந்தார். இத்தனை வருடம் வந்துபோன கூடத்தில் கூரைக்கு என்ன நிறம் என்று அன்றுதான் பார்த்தார். பச்சை. ஒரு மூலையில் ஒழுகியது.

படிகளில் தடதடவென்று கால்கள் இறங்கிப்போயின. மழையில் நனைந்து திரும்பி வந்தவள், "இளகினீங்களா?" என்றாள்.

"இல்ல."

"என் மேல ஆணையா?"

"முட்டியைப் பாருங்க."

குனிந்து பார்த்தாள். உரிந்த இடங்களெல்லாம் ஆறிப் புதுத்தோல் வந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு, அழுகைக்குப் பக்கத்து வீடு.

அதற்கப்புறமும் எல்லா நேரமும் அவளால் வெளியே வர முடிந்தது என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் தட்டத்தான் தட்டினாள். "பரவாயில்ல. எது முடியும், எது முடியாதுன்னு இப்பத் தெரியும். கதவுக்குப் பக்கத்துல உட்காருவேன். சாத்த விட மாட்டேன். மிச்சத்தை அப்போ பார்த்துக்கலாம்" என்றாள். மறுநாள் மேலாளரிடம் சொல்லிவிட்டாள். ரவுண்டு கிடைத்தது. காலையில் சீக்கிரம் எழ வேண்டியிருந்ததால் சாயங்கால வகுப்புக்கு வருவது நின்றது. அவர் சுவரோரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் ஜோடி சேருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளை அவர் கடைசியாகப் பார்த்தது மெத்தையில் இல்லை. அவள் மறுபடி தெருவுக்குப் போன முதல் நாள் காலையில். முதல் வீடு எந்தக் கட்டடம் என்று முன்பே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. வெளிச்சம் வரும்போதே போய், கீழ்த்தளத்தில் கருவிப்பெட்டியைத் திறந்து பரப்பிவிட்டு நின்றார். காவலாளி, "லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?" என்றான். "நல்லா ஓடும்போதுதான் பார்க்கணும்" என்றார்.

ஸ்கூட்டர் வந்தது. அவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அந்த உடம்பு எந்தத் தூணுக்குப் பின்னால் அடங்கும்? அவள் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். லிஃப்ட்டின் எண்கள் ஏறி, நாலில் நின்றன. அவர் அந்த நாலையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தன்னால் திருப்புளியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு சத்தம் கேட்டால் படியேறி ஓடிவிடலாம். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நாலு மாடி! ஓடிப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தபோது வியர்த்தது.

எண்கள் இறங்கின. கதவு திறந்தது. அவள் நின்றிருந்தாள். பெட்டியில் ரத்தக் குப்பி சேர்ந்திருந்தது. முகம் சாதாரணமாக இருந்தது.

"லிஃப்ட்ல என்ன கோளாறுண்ணே?"

"பிரேக் கொஞ்சம்…"

"நான் இப்பத்தானே அதுல வந்தேன்."

அவர் திருப்புளியைப் பெட்டியில் போட்டார். அவளுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பக்கத்தில் வந்து, காவலாளிக்குக் கேட்காதபடி பேசினாள்.

"மேல கதவைத் தட்டினேன். கை நடுங்குச்சு. உடனே, கீழ அண்ணன் நிக்கறார்னு நினைப்பு வந்துச்சு. நடுக்கம் நின்னுபோச்சு."

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. வாயைத் திறந்தார்.

"அது சரியில்லண்ணே" என்றாள் அவள். "ஊசி போடறப்பவும் கீழயேதான் நினைச்சிட்டு இருந்தேன். கதவு எந்தப் பக்கம், ஆள் எங்க நிக்கறான், ஒண்ணையும் பார்க்கலை. நீங்க நின்னா நான் பார்க்க மாட்டேன். தினமும் நிக்க முடியுமா உங்களால?"

முடியும் என்று சொல்ல வாயெடுத்தார். அதில் இருந்த உண்மை அவரையே பயமுறுத்தியது. கருவிகளைப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தார்.

அவள் பெட்டியை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்தாள். தலைக்கவசத்தின் வாரை மாட்டினாள். எதிர்க் கட்டடத்தைக் காட்டினாள்.

"அடுத்தது அங்க. ரெண்டாவது மாடி. இந்தத் தடவை நடுங்கினா நடுங்கட்டும்."

வண்டியைக் கிளப்பினாள். பிறகு திரும்பி, எத்தனையோ சாயங்காலம் மூச்சு முட்டக் கிடந்து "மறுபடி" என்று சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். நீங்க இங்க இருக்கக் கூடாது."